ஓயாத மழை, காடாகிப்போன தோட்டம்: எங்கே கைவைப்பது?

ஈரமண்:

வணக்கம். வீட்டின் பின்புறம் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் தோட்டம். இரண்டு வருடமாக யாரும் கைவைக்காமல் காடாகிவிட்டது. வருடத்தில் எட்டு மாதம் மழை. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வெயில் அடித்தாலே அதிகம்.

இப்போதைய நிலை: முக்கால்வாசி இடத்தில் இடுப்பளவுப் புல். பின்வேலி நெடுக உண்ணிச்செடிப் புதர், ஆளுயரத்துக்கு மேல். நடைபாதையிலும் பழைய பாத்திகளிலும் கோரை. மூன்று செம்பருத்தி, ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் உயரம், உள்ளே வெறும் குச்சி, உச்சியில் மட்டும் இலை. சமையலறைச் சுவரில் கொடி ஏறியிருக்கிறது. சுவர் விரிசலில் ஓர் ஆலங்கன்று. ஒரு பெரிய மரத்தின் கிளை கூரைமேல் நீண்டிருக்கிறது. தரை வேலிப்பக்கம் உயர்ந்து வீட்டை நோக்கி இறங்குகிறது. களிமண். பலத்த மழை பெய்தால் வீட்டுப்பக்கம் ஒரு மூலையில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை இருக்கின்றன. பிரஷ் கட்டர் இரவல் கிடைக்கும். நாய் இருப்பதால் விஷ மருந்து வேண்டாம்.

கேள்விகள்: எந்த வரிசையில் செய்வது? வெட்டிய புல்லைக் குவித்தால் நான்கே நாளில் நாறுகிறது, ஏன்? கோரையை என்ன செய்வது? நிற்கும் தண்ணீரை எப்படி வடிப்பது?

---

வேலியோரம்:

முதலில் ஒரு முடிவு எடுங்கள்: 300 சதுர மீட்டரையும் சுத்தம் செய்யப்போவதில்லை. வாரம் இரண்டு மணி நேரத்தில், இவ்வளவு மழையில், அது நடக்காது. மொத்தத்தையும் ஒரேயடியாக வெட்டி மண்ணைத் திறந்துபோட்டால் ஆறு வாரத்தில் முன்பைவிட அடர்த்தியாக முளைத்து நிற்கும். மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும் களைவிதைகளுக்கு வெளிச்சம் பட்டால் போதும். மழைத்தோட்டத்தில் உங்கள் எதிரி புல் இல்லை, மூடாமல் விட்ட மண். அதனால் விதி ஒன்றுதான்: அன்று எவ்வளவு இடத்தை மூட முடியுமோ அவ்வளவை மட்டும் அன்று திறக்க வேண்டும்.

வரிசை இப்படி. வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை, வீடு நெடுக. அதை முதலில் வெட்டி, எப்போதும் கணுக்கால் உயரத்துக்குக் கீழே வைத்திருங்கள். சுவர் காய்வதற்கும், கரையான் மண்கோடு ஏறினால் கண்ணில் படுவதற்கும், பாம்பு வந்தால் தெரிவதற்கும் இந்த ஒரு பட்டை போதும். அடுத்து, வீட்டிலிருந்து பின்வேலிவரை 90 செ.மீ. அகலத்தில் ஒரு நடைபாதை. தள்ளுவண்டி போக அவ்வளவு வேண்டும். மூன்றாவதாக, பாதையின் ஒரு பக்கம் 40 முதல் 60 சதுர மீட்டர்வரை எடுத்துக்கொண்டு அதை மட்டும் தோட்டமாக்குங்கள். மற்றது காத்திருக்கட்டும்.

எப்போதும் வீட்டுப்பக்கத்திலிருந்து வேலியை நோக்கி வெட்டிக்கொண்டு போங்கள். உள்ளே இருக்கும் பாம்பும் எலியும் வெளியே ஓட வழி கிடைக்கும். வேலியிலிருந்து தொடங்கினால் எல்லாவற்றையும் வீட்டுக்குள் விரட்டுவீர்கள்.

இடுப்பளவுப் புல்லை ஒரே வீச்சில் தரையோடு வெட்டாதீர்கள். முதல் வெட்டு 20 செ.மீ. உயரத்தில். அப்போதுதான் உள்ளே கிடக்கும் கல், கம்பி, உடைந்த கண்ணாடி தெரியும். அவற்றைப் பொறுக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்து 8 செ.மீ.க்கு இறக்குங்கள். பிரஷ் கட்டரில் புல்லுக்கு 2.4 மி.மீ. நைலான் நரம்பு போதும். ஈரப்புல் தலைப்பகுதியில் சுற்றிக்கொள்ளும். அப்போது எந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். நுனியிலிருந்து கீழ்நோக்கி இரண்டு மூன்று தடவையாகச் சீவினால் சுற்றுவது குறையும். எரிபொருள் கலவையைக் கையேட்டில் பார்த்து ஊற்றுங்கள். 50:1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய். வெட்டும்போது நாயும் மனிதர்களும் 15 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். சின்னக் கல்கூட அவ்வளவு தூரம் பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் எந்திரத்தைத் தொடாதீர்கள்.

உடம்புப் பாதுகாப்பை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலி சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக அது உள்ளே போகும். புதர் ஓரம் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்தால் உண்ணிக்காய்ச்சல். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, முழுக்கால் சட்டை. புண் இருந்தால் அது ஆறும்வரை சேற்றில் இறங்காதீர்கள். முக்கியமாக, சர்க்கரை நோய் உள்ளவர்கள் இறங்கவே கூடாது. வேலை முடிந்ததும் குளித்து, இடுப்பு, அக்குள், முழங்கால் பின்புறம் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், தோட்ட வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் யோசிப்பார்.

திறந்த இடத்தை மூடுவதற்கு: நெளிவுள்ள பழுப்பு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, டேப்பையும் கம்பி ஊசியையும் நீக்கி, ஓரங்கள் 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரியுங்கள். நனைத்துவிட்டு மேலே 10 செ.மீ. மரச்சில்லு அல்லது சருகு மூடாக்கு. 10 சதுர மீட்டருக்கு ஒரு கன மீட்டர் மூடாக்கு வேண்டும். ஆகவே கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வெட்டும் பரப்பைத் தீர்மானியுங்கள். மரத்தூரிலிருந்து ஒரு சாண் தள்ளியும், வீட்டுச் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளியும் போட வேண்டும்.

---

மக்குக்குழி:

நாற்றத்துக்குக் காரணம் காற்றில்லாமை. ஈரப்புல்லைத் தனியாகக் குவித்தால் அது தட்டை தட்டையாக ஒட்டிக்கொண்டு பாய் மாதிரி ஆகிவிடும். உள்ளே காற்று போகாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று இல்லை என்று பொருள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சை அதிகம், சருகு போதவில்லை என்று பொருள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: காய்ந்த பொருளைக் கலந்து புரட்டிப் போடுவது.

அளவு: பச்சைத் தழை ஒரு கூடை என்றால் காய்ந்தது இரண்டு கூடை. காய்ந்தது என்றால் சருகு, கிழித்த அட்டை, மரத்தூள், உடைத்த சுள்ளி. மழைக்காலத்தில் மூன்றாவது கூடையும் சேர்க்கலாம், தவறில்லை. மழை ஊரில் மக்கு போடுகிறவருக்குச் சருகுதான் செல்வம். வெயில் இருக்கும் நான்கு மாதத்தில் சாக்குகளில் கட்டி, கூரைக்குக் கீழே சேமியுங்கள். பச்சைத் தழைக்கு உங்களிடம் ஒருநாளும் பஞ்சம் வராது.

குவியலின் அடியில் விரல் தடிமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக 15 செ.மீ. உயரம் அடுக்குங்கள். காற்று அங்கிருந்துதான் ஏறும். அதன்மேல் 10 செ.மீ. பச்சை, 20 செ.மீ. காய்ந்தது என்று மாற்றி மாற்றி, ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் வரும்வரை. இதைவிடச் சிறிதானால் சூடு தங்காது. மேலே தார்ப்பாய், ஆனால் பக்கங்கள் திறந்திருக்கட்டும். தார்ப்பாயின் மடிப்பில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசு அங்கேதான் முட்டையிடும். நடுவில் ஒரு கழியை நட்டுக் கூடாரம் போல் சரித்துவிட்டால் தண்ணீர் நிற்காது.

ஈரப் பதம் பார்க்க: உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு துளி வந்தால் சரி. ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சூடு பார்க்க ஓர் இரும்புக் கம்பியை நடுவில் சொருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் நன்றாக வேலை செய்கிறது. 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாள் நின்றால்தான் களைவிதை சாகும். ஓரத்தில் அந்தச் சூடு இருக்காது. அதனால் வாரம் ஒருமுறை ஓரத்தை உள்ளேயும் உள்ளதை வெளியேயும் போட்டுப் புரட்ட வேண்டும்.

குவியலைப் புரட்டும்போது முதலில் நீண்ட கவைக்கோலால் தட்டிவிட்டுத் தொடங்குங்கள். சூடான குவியலைப் பாம்பும் விரும்பும். கோரைக்கிழங்கு, அருகம்புல் தண்டு, உண்ணிச்செடிப் பழம் இந்த மூன்றும் குவியலுக்குள் போகவே கூடாது.

---

கோரைக்கிழங்கு:

வேலியோரம் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். அட்டை மூடாக்கு புல்லுக்குச் சரி, கோரைக்குச் சரிப்படாது. கோரையின் முளை ஊசி மாதிரி. மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக்கொண்டு வரும். நனைந்து ஊறிய அட்டை அதற்கு ஒரு தடையே இல்லை. மேலே போட்ட மூடாக்கு எல்லாம் வீணாகி, அதற்குள்ளிருந்து பிடுங்குவது இன்னும் கடினமாகும்.

அது ஏன் சாகாது என்று புரிந்துகொண்டால் வழியும் தெரிந்துவிடும். மண்ணுக்கடியில் நூல் போன்ற தண்டால் கோத்த மணிமாலையாகக் கிழங்குகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மேல் 15 செ.மீ.க்குள். முதல் கிழங்கில் முளை இருக்கும்வரை வரிசையில் உள்ள மற்றவை தூங்கும். நீங்கள் இழுத்தால் நூல் அறுந்து, தூங்கியவை தனித்தனியாக விழித்துக்கொள்ளும். ஒன்று பிடுங்கினால் மூன்று வருகிறது என்று எல்லோரும் புலம்புவது இதனால்தான். கலப்பை எந்திரம் விட்டால் இதையே தோட்டம் முழுக்கச் செய்ததாகும்.

அதன் பலவீனம் இரண்டு. நிழல் தாங்காது. கிழங்கு காய்ந்தால் செத்துவிடும். இரண்டாவது உங்கள் மழையில் உதவாது, ஆகவே நிழலைத்தான் ஆயுதமாக்க வேண்டும்.

நடைபாதையில் தோண்டித்தான் ஆக வேண்டும். மழை விட்டு இரண்டு நாள் கழித்து, மண் ஈரமாக, ஆனால் ஒட்டாமல் இருக்கும்போது கவைமுள்ளை (பற்கள் உள்ள மண்கிளறியை) 20 செ.மீ. ஆழம் இறக்கி, கட்டியாகத் தூக்கி, கையால் உதிர்த்து, கிழங்கோடு மாலையாக உருவுங்கள். காய்ந்த களிமண்ணில் செய்தால் நூல் அறுந்துவிடும். வெட்டுவாயுள்ள மண்வெட்டி கிழங்கை நறுக்கிவிடும், கவைமுள்தான் வேண்டும். எடுத்ததைக் கூரைக்குக் கீழே சிமெண்ட் தரையில் பரப்பிக் காயவிட்டு, உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது.

பாத்திகளில் தோண்ட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே களைக்கொத்தியால் சீவிவிடுங்கள். முளைத்து மூன்று வாரம் தாண்டினால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்குள் சீவுவதுதான் கணக்கு. ஒவ்வொரு முளைக்கும் கிழங்கு தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. ஒருமுறை தவறி ஐந்து வாரம் விட்டால் பழைய நிலைக்குப் போய்விடும். இதுபோல் மூன்று தடவை சீவியபின், நான்காவது முளை வருவதற்குள் சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கமாக நடுங்கள். 30 செ.மீ. நீளத் துண்டு, 30 செ.மீ. இடைவெளி, மூன்று கணு மண்ணுக்குள். இரண்டு மாதத்தில் தரை மூடிவிடும். அதன் ஊடாக எட்டிப் பார்க்கும் கோரையைக் கையால் எடுங்கள். ஒரே பருவத்தில் தீராது. இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் செய்தால் எண்ணிவிடும் அளவுக்குக் குறையும்.

உப்புக் கொட்டலாம், வினிகர் தெளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வினிகர் இலையை மட்டும் கருக்கும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. உப்பு மழையில் கரைந்து நீங்கள் காப்பாற்ற நினைக்கும் செடியின் வேருக்குப் போகும்.

---

வேலியோரம்:

கோரைக்கிழங்கு சொல்வது சரி. நான் எழுதும்போது புல்வெளிப் பகுதியைத்தான் நினைத்தேன். அட்டையைக் கோரை இல்லாத இடத்தில் மட்டும் விரியுங்கள். எது கோரை என்று ஐயமாக இருந்தால் தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டையாக இருந்தால் கோரை, உருண்டையாகவோ தட்டையாகவோ இருந்தால் புல்.

---

ரசமட்டம்:

தண்ணீர் பற்றி. வடிகால் தோண்டுவதற்குமுன் மண் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்துவிடுங்கள். தேங்கும் மூலையிலும் மேட்டிலும் ஒவ்வொரு குழி, 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். பக்கங்களை மண்வெட்டி மெழுகியிருக்கும், அதைக் கம்பியால் கீறிவிடுங்கள். தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்து மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவு என்றால் மண் குடிக்காது. ஊறவைக்கும் குழி போட்டுப் பயனில்லை, நீரை நடத்திக்கொண்டு போய்த்தான் விட வேண்டும்.

உங்கள் சிக்கலுக்கு மூல காரணம் வீட்டை நோக்கிய வாட்டம். தேங்கும் மூலையில் என்ன செய்தாலும் மேலேயிருந்து வரும் நீர் நிற்காது. அதனால் வடிகால் மூலையில் வேண்டாம். சுவரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, மேட்டுப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்காக வெட்டுங்கள். அகலம் 30 செ.மீ., ஆழம் 40 செ.மீ. அடித்தளம் மீட்டருக்கு ஒரு செ.மீ. இறங்க வேண்டும். 15 மீட்டர் நீளத்துக்கு மொத்தம் 15 செ.மீ. கண்ணால் பார்த்து வாட்டம் பிடிக்க முடியாது. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல், இரண்டு மீட்டருக்கு ஒரு முளை அடித்துக் குறியுங்கள். தாழ்ந்த முனையிலிருந்து தோண்டத் தொடங்கினால் நடுவில் மழை வந்தாலும் நீர் தானாக வெளியேறும்.

அப்படியே திறந்த வாய்க்காலாக விட்டுப் பக்கங்களில் புல்லை வளர்ப்பதே எளிது. அடைத்தால் கண்ணில் படும், மண்வெட்டியால் இழுத்தால் தீர்ந்தது. நாய், குழந்தை விழும் என்று மூட நினைத்தால்: உள்ளே முழுக்க ஜியோ துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் விரிப்பு) விரித்து, 5 செ.மீ. ஜல்லி போட்டு, துளையுள்ள 100 மி.மீ. குழாயைத் துளை கீழே பார்க்கும்படி வைத்து, 20 மி.மீ. ஜல்லியால் நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுங்கள். துணியைக் குழாய்மேல் மட்டும் சுற்றினால் களிமண் இரண்டு வருடத்துக்குள் அதை அடைத்துவிடும். துளையை மேலே வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி வைத்தால் குழாய் மட்டத்துக்கு நீர் ஏறிய பிறகுதான் வடியும்.

போய்ச் சேரும் இடம் பொது வடிகாலாகவோ உங்கள் நிலத்தின் தாழ்ந்த பகுதியாகவோ இருக்க வேண்டும். அடுத்தவர் மனைக்குள் திருப்பாதீர்கள். கழிவுநீர்த் தொட்டிப் பக்கமும் கூடாது.

சுவர் ஓரம் மூன்று மீட்டர் தூரத்துக்கு 15 செ.மீ. வெளிப்பக்க வாட்டம் வர மண் ஏற்றலாம். ஆனால் மண் மட்டம் வீட்டின் ஈரத்தடுப்பு வரிக்கு (நில ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் போட்ட அடுக்குக்கு) 15 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். அதற்குமேல் போனால் தோட்டத்து ஈரம் நேராகச் சுவருக்குள் ஏறும். இடம் போதாவிட்டால் மண்ணை ஏற்றுவதைவிட மேட்டைச் செதுக்குவதே சரி.

களிமண்ணில் மணல் கலந்தால் இளகும் என்று கேட்டு ஏமாறாதீர்கள். பாதிக்குமேல் மணல் சேர்த்தால்தான் குணம் மாறும். கொஞ்சமாகக் கலந்தால் செங்கல் மாதிரி இறுகும். வருடா வருடம் 5 செ.மீ. மக்கு உரத்தை மேலே பரப்பிவிடுங்கள், மண்புழு உள்ளே கொண்டுபோகும். ஈரக் களிமண்ணில் நடக்கவும் கூடாது. ஒரு பிடி எடுத்து உருட்டிப் பெருவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் வேலை செய்யலாம். பசைபோல் நீண்டால் அன்று பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

---

கவாத்து:

மரம், புதர், சுவர் மூன்றும் யாரும் தொடவில்லையே.

உண்ணிச்செடியைத் தரைக்குமேல் வெட்டினால் அந்த இடத்திலிருந்தே பத்துத் தளிர் வரும். துளிர்க்கும் சக்தி தண்டும் வேரும் சேரும் முடிச்சில் இருக்கிறது. கிளைகளைக் கழித்துவிட்டு, அடியில் மண்ணை விலக்கி, முடிச்சுக்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் முதன்மை வேரை வெட்டுங்கள். பிறகு செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மழையில் தண்டு மண்ணைத் தொட்டால் வேர் விடும், கவிழ்த்து வைத்தால் வேர் காற்றில் காயும். பழம் வைப்பதற்குமுன் செய்தால் வேலை பாதி. பறவைகள் உட்காரும் இடத்துக்கடியில் விதைகள் வந்துகொண்டே இருக்கும், அங்கே மாதம் ஒருமுறை சின்னக் கன்றுகளைப் பிடுங்குங்கள். வேலி முழுவதையும் ஒரே வாரத்தில் அழிக்காதீர்கள். மூன்று மீட்டர் எடுத்து, அங்கே வேறு செடி நட்டபின் அடுத்த மூன்று மீட்டர். சரிவின் உச்சியில் இருக்கிறது, மொத்தமாக எடுத்தால் மண் அரிக்கும்.

செம்பருத்திக்கு மூன்று வருடத் திட்டம். ஒவ்வொரு செடியிலும் மிகப் பழைய, தடித்த தண்டுகளில் மூன்றில் ஒன்றை இந்த வருடம் 20 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். வெளிச்சம் உள்ளே போனதும் அடியிலிருந்து தளிர் வரும். அடுத்த வருடம் அடுத்த மூன்றில் ஒன்று. வெட்டு, வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்கு ஒரு விரல்கடை மேலே, சாய்வாக. தொடர்மழை நாளில் வெட்டாதீர்கள், திறந்த காயத்தில் பூசணம் ஏறும். ஒரு நாளாவது காய்ந்த இடைவெளி கிடைக்கும்போது வெட்டுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய், இல்லாவிட்டால் இந்த ஈரத்தில் ஒரே வாரத்தில் துரு.

கூரைமேல் உள்ள கிளை மணிக்கட்டைவிடத் தடிமன் என்றால் மரம் ஏறத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஈரப் பட்டை வழுக்கும், ஏணியில் நின்று ரம்பம் பிடிக்கும் வேலை இது இல்லை. ஆனால் எப்படி வெட்டச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். மரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதல் வெட்டு. அதைவிட நான்கு விரல் வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை விழுந்துவிடும். கடைசியாக, கிளையின் அடியில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதிக்கு வெளியே, அதைத் தொடாமல், மிச்சக் குட்டையை எடுப்பது. அந்தத் தடிப்புதான் காயத்தை மூடும். முதல் வெட்டு இல்லாமல் மேலிருந்து அறுத்தால் கிளை சாயும்போது தண்டுப்பட்டையைக் கிழித்துக்கொண்டு போகும். காயத்துக்குத் தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்து அழுகலுக்குத்தான் உதவும். ஒரு வருடத்தில் இலைப்பரப்பில் கால்வாசிக்குமேல் எடுக்கக் கூடாது.

சுவர்க்கொடியைப் பச்சையாகப் பிய்த்தால் பூச்சும் சேர்ந்து வரும். அடியில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மூன்று நான்கு வாரம் காயவிடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக எடுத்து, ஒட்டியிருக்கும் வேர்களை நார்ப் பிரஷால் தேய்க்க வேண்டும்.

---

ஈரமண்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. குழிச் சோதனை செய்தாயிற்று. மூலையில் மணிக்கு 1 செ.மீ., மேட்டில் 3 செ.மீ. இறங்குகிறது. ரசமட்டம் சொன்னபடி குறுக்கு வாய்க்கால்தான் வெட்டப்போகிறேன். இன்னும் மூன்று: அட்டை விரித்த முதல் பத்துச் சதுர மீட்டரில் அடியில் வெள்ளை நூல் படர்ந்திருக்கிறது, நோயா? இரவில் பெரிய நத்தைகள் மூடாக்குக்குள் குவிகின்றன. ஆலங்கன்று சுண்டுவிரல் தடிமன், இழுத்தால் வரவில்லை.

---

மக்குக்குழி:

வெள்ளை நூல் மரச்சில்லை மக்கவைக்கும் பூசணம். செடியைத் தின்னாது, இருக்கட்டும். சில்லைக் கிளறி மண்ணுக்குள் புதைக்காமல் மேலேயே விடுங்கள். புதைத்தால்தான் அது மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்து, செடி மஞ்சளிக்கும். மழையில் 10 செ.மீ. சீக்கிரமே பாதியாகப் படிந்துவிடும். ஐந்து செ.மீ.க்குக் கீழே இறங்கவிடாமல் மேலே போட்டுக்கொண்டே இருங்கள்.

நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை மனிதர் மூளையைத் தாக்கும் எலிப் புழுவைச் சுமக்கக்கூடியது. நாயும் கடிக்கக் கூடாது. மாலையில் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்தால் விடிவதற்குள் அதனடியில் சேரும். இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள வாளியில் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு, பிறகு ஆழமாகப் புதையுங்கள். உப்புக் கரைசலைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். மெட்டால்டிஹைடு உள்ள நத்தை மருந்து நாயைக் கொல்லும், வாங்கவே வாங்காதீர்கள். தோட்டத்துக் கீரையைத் தண்ணீரில் ஒவ்வோர் இலையாகத் தேய்த்துக் கழுவி, சமைத்தே சாப்பிடுங்கள். இளம் நாற்றுகள் உள்ள பாத்தியில் மட்டும் மூடாக்கை ஒரு சாண் விலக்கி வையுங்கள்.

---

கவாத்து:

ஆலங்கன்று சுண்டுவிரல் தடிமன் என்றால் வேர் விரிசலுக்குள் ஒரு முழமாவது ஓடியிருக்கும். தண்டை வெட்டிவிட்டுப் பூச்சு பூசினால் உள்ளேயிருந்து பிளந்துகொண்டு வரும். விரிசல் நெடுக உளியால் பூச்சை இரண்டு விரல் அகலத்துக்குக் கொத்தித் திறந்து, வேரைப் பின்தொடர்ந்து உருவுங்கள். நூல் வேர் மட்டும் மிஞ்சினால் பரவாயில்லை, பென்சில் தடிமன் உள்ளது எதுவும் மிஞ்சக் கூடாது. உடனே அடைக்காதீர்கள். ஆறு வாரம் திறந்து வைத்து, தளிர் வந்தால் கிள்ளுங்கள். தளிர் நின்றதும் விரிசலை நனைத்துக் கலவை திணித்துப் பூசலாம். செங்கல்லே நகர்ந்திருந்தாலோ, வேர் சுவரின் மறுபக்கம் வந்திருந்தாலோ உளியை எடுக்காமல் கட்டுமானம் தெரிந்தவரைக் காட்டுங்கள். கூரை நீர்த்தாரையையும் இப்போதே பாருங்கள், பறவை எச்சத்திலிருந்து அடுத்த கன்று அங்கேதான் முளைத்திருக்கும். விரல் நீளத்தில் இருக்கும்போது மழை விட்டதும் இழுத்தால் முழு வேரோடு வரும்.

---

வேலியோரம்:

மிச்சமுள்ள 200 சதுர மீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது தோட்டத்துக்குள் திரும்ப நுழையும். காடாகவே இருக்கட்டும், தவளைக்கும் ஓணானுக்கும் அது வேண்டும். ஆனால் தோட்டத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலப் பட்டையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். படரும் புல்லின் ஓடுதண்டு அந்தப் பட்டையைத் தாண்டுவதற்குள் கண்ணில் படும். உள்ளே இருக்கும் புல்லைப் பூ வந்து விதை முற்றுவதற்குமுன், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, 15 செ.மீ. உயரத்தில் வெட்டினால் போதும். வெட்டியதை அங்கேயே விடாமல் மக்குக்குழி சொன்ன குவியலுக்குக் கொண்டுபோங்கள். மூடிய பகுதியில் கோரையும் அருகும் தலைகாட்டாமல் முழுதாக மூன்று மாதம் போனால், அப்போது அடுத்த 20 சதுர மீட்டருக்கு அட்டை சேர்க்கத் தொடங்கலாம்.